சுமக்கிற உடம்பும் தூக்குகிற உடம்பும்

உடம்பைப் பற்றி நம் பக்கங்களில் நிறைய எழுதியாகிவிட்டது. தொடக்கூடாத உடம்பு, அடி வாங்கின உடம்பு, பசித்துக் கிடந்த உடம்பு என்று ஒவ்வொன்றாகச் சாட்சி சொல்லியிருக்கிறோம். வளர்கிற உடம்பைப் பற்றி அதிகம் பேசினதாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் நம் காலனிப் பையன்கள் ஓலைக் கொட்டகையிலோ, கட்டி முடிக்காத சமுதாயக் கூடத்திலோ சிமெண்டு ஊற்றின தகர டப்பாவைத் தூக்கிக்கினு நிற்கிறார்கள். 'சினிமாவைப் பாத்துக் கெட்டுப்போறானுங்க' என்று தோழர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள். துண்டறிக்கை கொடுத்தால் படிக்காதவன், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராதவன், கைச்சதை கால் அங்குலம் கூடுவதற்காக மாதக்கணக்கில் ஒருநாள் தவறாமல் வருகிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. அது என்ன என்று யோசிக்க வேண்டியது நம் வேலை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்குள் இருக்கும் ஒரு சின்னத் தகராறு. எடை தூக்கும்போது உடம்பை ஆடாமல் அசையாமல் நிறுத்தி, எந்தச் சதைக்கு வேலையோ அதைக்கொண்டு மட்டும் தூக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. 'ஸ்ட்ரிக்ட் ஃபார்ம்' என்கிறார்கள். முதலில் அப்படித் தூக்கி, கை ஓய்ந்துபோன பிறகு கடைசி இரண்டு மூன்று தடவை மட்டும் இடுப்பைக் கொஞ்சம் ஆட்டி உந்திக் கொடுக்கலாம், அதனால் சதை கூடுதலாக வளரும் என்பது இன்னொரு கட்சி. இதற்குப் பெயர் 'சீட்டிங்'. பையன்கள் பச்சையாக 'ஏமாத்துறது' என்பார்கள். எங்கள் கொட்டகையில் இந்தத் தகராறு மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. யார் ஏமாத்துறான், யாரை ஏமாத்துறான் என்ற கேள்வி எங்கள் ஊரில் சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் பஸ் ஜன்னல் வழியாக உப்புக் குவியலைப் பார்த்திருப்பீர்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எம்.ஏ. வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தின அன்றைக்கு மற்றவர்கள் பாணனோடு போனார்கள். எனக்கு அளத்தில் நிற்கிற எங்கம்மா ஞாபகந்தான் வந்தது.

ஜனவரி வாக்கில் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவதில் வேலை தொடங்கும். கடல் தண்ணி 3 டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, 25 டிகிரிக்கு வந்தால் உப்பு படிய ஆரம்பிக்கும். விடியக்காலம் இருட்டிலேயே இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் கரையேற வேண்டும். பலகை போட்டு வாருவது பெரும்பாலும் ஆம்பளைகள். வாரினதைக் கூடையில் அள்ளி வரப்பு மேலேயே சுமந்துபோய்க் கொட்டுவது பெரும்பாலும் பொம்பளைகள். மழை பிடித்துக்கொண்டால் அடுத்த தை வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

எங்கம்மா கூடை ஈர உப்போடு 25 கிலோ நிற்கும். அதை எப்படித் தூக்குவாள் என்று சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குந்துவாள். கூடையை முதலில் தொடைக்கு ஏற்றுவாள். எதிரில் நிற்கிறவள் ஒரு கை கொடுக்க, மூச்சை அடக்கி, ஒரே எக்கில் தலைக்குக் கொண்டுபோவாள். சும்மாட்டில் உட்கார்ந்ததும் கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு, குதிகால் எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும். எந்தச் சதையும் தனியாகச் சுமக்காது. வரப்பில் நடக்கும்போது சின்னச் சின்ன எட்டாக, ஓட்டமும் நடையுமாகப் போவாள். நின்றால் கனக்கும், போய்க்கொண்டே இருந்தால் கனம் தெரியாது என்பாள். ஜிம்மு பாஷையில் சொன்னால் தொடக்கம் முதல் கடைசி வரை மொத்தமும் சீட்டிங். அவள் உடம்பு 30 வருஷம் தாங்கினது அதனால்தான். கைச்சதையை மட்டும் வைத்துத் தூக்கியிருந்தால் முதல் வாரத்திலேயே விழுந்திருப்பாள்.

தெற்கத்திச் சீமையில் இளவட்டக்கல் தூக்குவதும் இதே மாதிரிதான். உருண்டைக் கல்லைக் குத்துக்காலிட்டு அணைத்து, முழங்காலுக்கு, மடிக்கு, நெஞ்சுக்கு, அப்புறம் தோளுக்கு என்று படிப்படியாக ஏற்றுவார்கள். இடுப்பை ஏன் ஆட்டினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கல் தோளுக்கு வந்ததா என்பதுதான் கணக்கு.

"நாள் பூரா மூட்ட தூக்குறீங்க, உங்களுக்கு எதுக்குடா ஜிம்மு?" என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்கிறவர் எந்தத் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் உடம்புக்கு வேலை போதும், அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது அதில் இருக்கிற சேதி. ஆனால் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அளத்து வேலையில் கெட்டிக்காரத்தனம் என்பது சதையைக் காப்பாற்றுவது. பாரத்தை உடம்பு முழுக்கப் பங்குபோட்டு, குறைந்த செலவில் நிறைய நடை நடப்பது. சதை வளர்க்கிறவன் செய்வது அதற்கு நேர் தலைகீழ். ஒரு சதையைத் தனியாகப் பிடித்து, மற்றது உதவிக்கு வராமல் தடுத்து, அதை ஓய வைப்பது. வளர்வதற்கு இன்னும் மூன்று வேண்டும். எடை நாளாக நாளாக ஏற வேண்டும், தட்டில் புரதம் வேண்டும், ஓய்வு வேண்டும். அளத்தில் இன்றைக்கும் நாளைக்கும் அதே கூடை. தட்டில் பழைய சோறு. ஓய்வு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. சுமக்கிறவர்கள் சதை வைக்காமல் நரம்பும் எலும்புமாகத் தேய்வதற்குக் காரணம் சோம்பேறித்தனமும் இல்லை, சாதிக்கூறும் இல்லை.

இனி தகராறுக்கு வருகிறேன். கையை மடக்கித் தூக்கும் 'கர்ல்' பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். கையில் 10 கிலோ. முழங்கையிலிருந்து உள்ளங்கை சுமார் 30 சென்டிமீட்டர். மேல்கைச் சதையின் நரம்பு முழங்கைக்குக் கீழே சுமார் 5 சென்டிமீட்டரில் எலும்பைப் பிடித்திருக்கிறது. முன்கை தரைக்குச் சமமாக வரும்போது அந்தச் சதை ஏறக்குறைய 60 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். கை தொங்கும்போதும் தோளுக்குப் பக்கத்தில் வந்தபோதும் அவ்வளவு பாரம் இல்லை. எல்லார் கையும் நின்றுபோவது நடுவில் அந்த ஓர் இடத்தில்தான். இடுப்பால் ஒரு உந்து கொடுத்தால் அந்த இடம் தாண்டிவிடும். தாண்டவைத்தது கை இல்லை, முதுகும் இடுப்பும். சுத்தக் கட்சிக்காரன் 'ஏமாத்திட்டான்' என்று சொல்வது இதைத்தான். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேலே போன எடை கீழே வர வேண்டும். நம் சதையால் தூக்க முடியாத எடையையும் தாங்கித் தாங்கி இறக்க முடியும். கிணற்றில் நிறை குடத்தைக் கயிற்றைப் பிடித்து மெல்ல விடுகிறவர்களுக்கு இது தெரியும். உந்தி மேலே கொண்டுபோனவன் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்கினால் அந்தச் சதை தனக்கு மீறின பாரத்தைத் தாங்கியிருக்கிறது. அப்போது அது கட்டுப்பட்ட சீட்டிங். உந்தித் தூக்கி அப்படியே தொப்பென்று விட்டால் தூக்கினதும் அவன் கை இல்லை, இறக்கினதும் அவன் கை இல்லை. மூட்டுக்குத்தான் தேய்மானம்.

இந்த விவகாரம் பழையது. நாம் போடுகிற கையில்லாத பனியனுக்குச் 'சாண்டோ பனியன்' என்று பெயர் வந்தது, பிரஷ்யாவில் பிறந்து, உடம்பைக் காட்டியே உலகம் சுற்றின யூஜின் சாண்டோ (1867–1925) என்ற பயில்வானால். சின்னப்பா தேவருக்கும் அந்தப் பெயர்தான் பட்டமாக ஒட்டியது. பின்னால் அமெரிக்காவில் ஜோ வீடர் என்பவர் பயிற்சி விதிகளைத் தொகுத்தபோது சீட்டிங்கையும் ஒரு விதியாகவே சேர்த்தார். 1970களில் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் கனத்த பாரை உந்தி உந்தித் தூக்கியது பேர்போனது. அதே காலத்தில் ஆர்தர் ஜோன்ஸ் நாட்டிலஸ் இயந்திரங்களைக் கொண்டுவந்து, மெதுவாக, சுத்தமாக, உந்தாமல் தூக்கு என்றார். இரண்டு பக்கமும் ஆட்கள் வளர்ந்தார்கள்.

ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2013இல் அரந்ஜெலோவிச் என்பவர் கணக்குப்போட்டு ஒரு கட்டுரை எழுதினார். கையைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியில் கொஞ்சம் உந்து கொடுத்தால் சதைக்கு விழும் பாரம் கூடுகிறது, அளவு மீறினால் குறைந்துபோகிறது என்பது அதன் சாரம். 2025இல் வந்த ஒரு சோதனையில், எடை தூக்கிப் பழக்கமில்லாத இளைஞர்களை ஒரு கையால் சுத்தமாகவும் மறுகையால் உந்தியும் 8 வாரம் தூக்கவைத்தார்கள். உந்தின கை அதிக எடை தூக்கியது. ஆனால் இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தது. உந்தினால் கூடுதலாக வளரும் என்கிற கட்சிக்கும் இது ஆதரவில்லை, உந்தினால் வளரவே வளராது என்கிற கட்சிக்கும் ஆதரவில்லை. என்ன ஃபார்ம் என்பதைக் காட்டிலும், சதை ஓயுமளவுக்கு விடாமல் வேலை செய்தாயா என்பதுதான் பெரிது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, எது ஏமாற்று என்பதை யார் சொல்வது? பளுதூக்கும் போட்டியில் 'பிரஸ்' என்று ஒரு பிரிவு இருந்தது. நெஞ்சிலிருந்து தலைக்கு மேலே கைபலத்தால் மட்டும் தள்ள வேண்டும், முதுகு சாயக்கூடாது என்று விதி. வீரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய ஆரம்பித்தார்கள். எவ்வளவு சாய்ந்தால் தப்பு என்பதில் நடுவர்களுக்குள் ஒத்துவரவில்லை. ஒரே சாய்வுக்கு இங்கே வெள்ளை விளக்கு, அங்கே சிவப்பு விளக்கு. கடைசியில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தப் பிரிவையே தூக்கிவிட்டார்கள். விதி எவ்வளவு கறாராக இருந்தாலும் விளக்கைப் போடுகிற கை எந்தக் கை என்பது முக்கியம். நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் பார்க்கலாம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். கிளாஸ்கோவில் 'ஸ்னாட்ச்' முறையில் அவர் தூக்கினது 149 கிலோ. கால், இடுப்பு, முதுகு எல்லாம் ஒரே வெடிப்பில் சேர்ந்து எறிந்தால்தான் அது தலைக்கு மேலே போகும். கர்ல் தூக்குகிறவன் இடுப்பை ஆட்டினால் ஏமாற்று, ஸ்னாட்ச் தூக்குகிறவன் இடுப்பைப் போட்டால் வித்தை. தராசில் நிற்கிற எடையைத் தூக்குவது ஒரு நோக்கம், ஒரு சதையை வளர்ப்பது இன்னொரு நோக்கம். நோக்கத்துக்குத் தக்கபடிதான் தப்பும் சரியும்.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஒன்று ஞாபகம் வரும். இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று உண்டு. விதிப்படி நிற்பது வழாநிலை. தவறினால் வழு. தவறினாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. கறாரான ஃபார்ம் வழாநிலை, கண்டபடி ஆடுவது வழு, கட்டுப்பட்ட சீட்டிங் வழுவமைதி. பையன்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வழுவமைதி யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பிரியத்தால் பசுமாட்டை 'அம்மா வந்தாள்' என்று உயர்திணையில் சொன்னால் நன்னூல் ஒத்துக்கொள்கிறது. கோபத்தாலும் இழிவாலும் திணை மாற்றிப் பேசினாலும் ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் எங்க நைனாவை 'அது வந்துச்சா, அதைக் கூப்புடு' என்ற வாய்க்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. எங்கம்மா பேசுகிற 'வந்துக்கினு', 'இட்டுக்கினு' மட்டும் கொச்சை. அதற்கு அமைதி சொல்ல எந்த உரைகாரரும் வரவில்லை.

பக்கத்து டவுனில் ஒரு ஜிம்மில் நான் சேர்ந்திருந்தேன். முதல் வாரம் கர்ல் தூக்கும்போது என்னை அறியாமல் இடுப்பு போயிற்று. அங்கிருந்த மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "சும தூக்குற ஆளுங்க இப்பிடித்தான், ஏமாத்தியே பழக்கம்" என்றார். இரண்டு நாள் முன்னால் அதைவிட மோசமாக ஆடின ஒரு பெரிய வீட்டுப் பையனிடம் இதே மாஸ்டர், "பவரு இருக்கு தம்பி, கன்ட்ரோல் மட்டும் பண்ணு" என்று சொன்னதை நான் கேட்டிருந்தேன். அவனுக்கு வழுவமைதி, எனக்கு வழு. அளத்தில் நடைக்கணக்கில் இரண்டு நடையை விழுங்குகிற மேஸ்திரிக்கு ஏமாத்துறவன் என்று பெயர் இல்லை. எங்கம்மா எக்கித் தூக்கினதை உடம்பில் வாங்கி வந்த எனக்குத்தான் அந்தப் பெயர். அங்கே போவதை நிறுத்திவிட்டுத்தான் காலனியில் கொட்டகை போட்டோம். எண்ணெய் டின்னில் சிமெண்டு, நடுவில் ஜி.ஐ. பைப்பு, பழைய லாரி ஸ்பிரிங்கு, மணல் சாக்கு. ஒரு பழைய தராசும் வாங்கிப் போட்டோம். எதையும் நிறுத்துத்தான் தூக்க வேண்டும், தூக்கினதை நோட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சாதிப் பேச்சுக்குப் பதிலாக, 'நாங்க அப்பிடித்தான் ஆட்டுவோம்' என்று வீம்பு பிடிக்கலாமா என்றால், கூடாது. எங்கள் தெருத் தம்பி ஒருத்தன் போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். கயிறு ஏற வேண்டும், ஓட வேண்டும். பகலில் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு, ராத்திரி செல்போனில் பார்த்ததை வைத்து வீட்டு வாசலில் தனியாகத் தூக்கினான். எடை ஏற ஏற முதுகைப் பின்னால் வளைத்து ஆடினான். ஏற்கெனவே பகல் பூரா மூட்டையில் ஓய்ந்த முதுகு. ஒருநாள் பிடித்துக்கொண்டது. ஒரு மாசம் எழுந்து நடக்கவில்லை. அந்த வருஷத்துத் தேர்வு போயிற்று. ஒரு வருஷம் என்பது வயது வரம்போடு ஓடுகிற நம் பையன்களுக்குச் சின்ன விஷயமில்லை. பெரிய வீட்டுப் பையனுக்கு முதுகு பிடித்தால் அவன் ஜிம்முக்குப் போகாமல் இருப்பான், அவ்வளவுதான். நம் பையனுக்கு முதுகு போனால் அடுப்பு எரியாது. ஃபார்ம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

எங்கள் கொட்டகையில் இப்போது இருக்கிற ஒழுங்கு இது. முதல் ஆறு மாசம் சீட்டிங் பேச்சே கிடையாது, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கர்ல் தூக்கு. அதற்கப்புறம், சுத்தமாக எட்டுப் பத்துத் தடவை தூக்கி, கை இனி வராது என்ற பிறகு இரண்டே தடவை உந்தலாம். இறக்கும்போது மூன்று எண்ண வேண்டும், எண்ண முடியாத எடையை எடுக்கக் கூடாது. கைக்கும் தோளுக்கும் மட்டும்தான் இது. தரையிலிருந்து தூக்குவதிலும், பாரம் வைத்துக் குந்தி எழுவதிலும் விளையாட்டே கூடாது. அன்றைக்கு மூட்டை ஏற்றினவன் ராத்திரி முதுகுப் பயிற்சி செய்யக் கூடாது. ஊசி போட்டுக்கொண்டு வருகிறவனுக்குக் கொட்டகையில் இடமில்லை. சீட்டிங் என்று உண்மையாகவே சொல்ல வேண்டியது அதைத்தான். இருதயத்தையும் கல்லீரலையும் ஏமாற்றி வாங்குகிற சதை அது.

சாப்பாட்டில் மட்டும் யாரும் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். எடை தூக்குகிறவனுக்கு உடம்பின் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் இருந்தால் போதும் என்கிறார்கள். 60 கிலோ பையனுக்கு 96 கிராம். டப்பா மாவு வாங்க வக்கில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்த மாட்டுக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் இருக்கிறது. காய்ந்த நெத்திலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம். ஞாயிற்றுக்கிழமை ஒளித்துத் தின்று பழகினதைக் கணக்குப்போட்டு நோட்டில் எழுதச் சொல்கிறேன். "மாட்டுக்கறின்னு எழுதவாணா, வெறும் கறின்னு எழுதட்டுமாணா?" என்று ஒரு பையன் கேட்டான். முழுப் பெயரையும் எழுதச் சொன்னேன்.

போன தையில் எங்கம்மா கொட்டகைப் பக்கம் வந்தாள். சும்மா கிடந்த 8 கிலோ டின்னை எடுத்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் தோளுக்குக் கொண்டுபோனாள். பையன்கள் சிரித்துவிட்டார்கள். "சீட்டிங்கு அத்த, சீட்டிங்கு!" அவளுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். "அப்ப இடுப்பு எதுக்குடா வச்சிருக்குது?" என்றாள். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதெல்லாம் எவ்ள கனம்னு எழுதி வச்சிருக்கீங்களே, எங்க கூடய எவனாச்சும் நிறுத்துப் பாத்திருக்கானா?" என்றாள்.

யாரும் நிறுத்ததில்லை. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, பெண்ணுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அந்தக் காகிதம் எங்கள் வரப்பு வரைக்கும் வரவில்லை. கால் கிலோ கூடினால் நோட்டில் எழுதுகிற பையன்கள்தான் இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே கூட்டம் போட்டுப் பேசினோம். இந்த உப்புப் பருவத்தில் கொட்டகைத் தராசு வாரத்துக்கு ஒருநாள் அளத்துக்குப் போகிறது. ஒரு நடைக்கு எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை நடை, யார் தலையில் என்று அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில் எழுதுகிறார்கள். பருவம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கூலிப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறோம்.